வீட்டுக்கு விலை பேசப் போகிறீர்களா?

கால் கிலோ கத்தரிக்காய்க்கு 2 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறோம். "கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடப்பா" என்று கேட்டு வாங்குகிறோம்.

ஆனால் 40 லட்சம் ரூபாய் கொடுத்து வீடு வாங்கப் போகும்போது? வாயடைத்துப் போகிறோம்! "அவர் 48 சொல்கிறார். 47 என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்று தயங்குகிறோம்.

கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் ஒரு வேளைக் குழம்புதான் போகும். வீடு சொத்தையாக இருந்தால்? இருபது ஆண்டுச் சேமிப்பு போய்விடும். மனைவியின் நகை போய்விடும். கடன் தவணை மட்டும் போகாது!

வீட்டுக்கு விலை பேசுவது வாய்ஜாலம் அல்ல. அங்கே உரக்கப் பேசுகிறவர் ஜெயிப்பதில்லை. விஷயம் தெரிந்தவரே ஜெயிக்கிறார்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன், வயதான தாயார். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கையில் 17 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வங்கி 30 லட்சம் கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆக, 47 லட்சம்.

ஊர் எல்லையில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. அரை கிரவுண்டு மனை. அதாவது 1,200 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் தளம் போட்ட வீடு. கட்டி 20 ஆண்டுகள் ஆகின்றன. சொந்தக்காரர் கேட்கும் விலை 48 லட்சம்.

வாருங்கள், நாமும் அவர்களுடன் போய்ப் பார்ப்போம்!

பாட்டியின் வாய்

வீட்டுக்குள் கால் வைத்ததுமே பாட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அம்மாடி! என்ன காற்று! இந்த மூலையில்தான் சாமி படம் மாட்டணும்!"

"இது என் ரூம்!" என்று பையன் கத்தினான்.

தூணில் சாய்ந்து நின்ற சொந்தக்காரர் சிரித்துக்கொண்டார். இனி 48-ல் இருந்து அவர் எளிதில் இறங்குவாரா? "இவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. விட்டுப் போகமாட்டார்கள்" என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வீடு பிடித்திருந்தால் மகிழ்ச்சிதான். அதை உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து சொல்லிக்கொள்ளுங்கள்!

சிலர் இதற்கு நேர் மாறாக நடப்பார்கள். "இதெல்லாம் ஒரு வீடா? மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு!" என்று மட்டம் தட்டினால் விலை குறையும் என்று நினைப்பார்கள். இது பெரிய தவறு. அந்த மனிதர் வியர்வை சிந்திக் கட்டிய வீடு அது. அவர் பிள்ளைகள் தவழ்ந்த தரை அது. மட்டம் தட்டியவருக்குக் கொடுப்பதைவிட, மரியாதை தெரிந்த இன்னொருவருக்கு ஒரு லட்சம் குறைத்தே கொடுத்துவிடுவார்.

குறையைக் கேள்வியாகக் கேளுங்கள். "ஐயா, மழைக் காலத்தில் இந்த மூலையில் கசியுமா?" அவ்வளவு போதும். கேட்டதும் அவர் முகத்தைப் பாருங்கள்!

48 எங்கிருந்து வந்தது?

சொந்தக்காரர் 48 லட்சம் என்கிறார். ஏன் 48? ஏன் 44 இல்லை?

"பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 48-க்குப் போச்சாம்!" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். "போச்சாம்" என்பது கணக்கு அல்ல. நாமே கணக்குப் போட வேண்டும்.

பதிவுத் துறையின் இணையதளத்தில், தெருவின் பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்தால், அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு தெரியும். பத்திரச் செலவைக் கணக்கிடுவதற்கான மதிப்பு அது. சந்தை விலை அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

அதே இணையதளத்தில் பக்கத்து மனைகளின் வில்லங்க விவரத்தையும் பார்க்கலாம். சமீபத்தில் எது, என்ன தொகைக்குப் பதிவாயிற்று என்று அதில் இருக்கும். பிறகு அந்தத் தெருவில் நாலு பேரை விசாரியுங்கள். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாத சேதி உண்டா?

அதன்பின் மனைக்குத் தனியாகவும், கட்டடத்துக்குத் தனியாகவும் கணக்குப் போடுங்கள். மனை விலை ஏறலாம். கட்டடம் பழசாகும், அதன் மதிப்பு இறங்கும்.

நம் குடும்பத்தார் விசாரித்ததில், அங்கே மனை சதுர அடி 2,500 ரூபாய். 1,200 சதுர அடிக்கு 30 லட்சம். புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றார் கொத்தனார். 900 சதுர அடிக்கு 18 லட்சம். 20 ஆண்டுப் பழசு என்பதால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள். மீதி 12 லட்சம்.

ஆக, 30-ம் 12-ம் 42 லட்சம்.

அந்தக் கொத்தனாரையே வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மொட்டைமாடித் தட்டோடு பெயர்ந்திருந்தது. கழிவு நீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வேண்டும். மின்சார ஒயர்கள் பழையவை. எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம் ஆகும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

42-ல் ஒன்றரை போனால் 40½ லட்சம். இந்த வீட்டின் நியாயமான விலை அதுதான்.

வீட்டை ஒரு தடவை பார்த்தால் போதாது. பகலில் ஒரு தடவை பாருங்கள். இரவில் ஒரு தடவை பாருங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் பாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

கோடு போடுங்கள்!

அடுத்தது மிக முக்கியம். விலை வேறு, செலவு வேறு!

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 9 சதவீதம். பத்திரத்தில் எழுதும் தொகை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ, அதன்மேல் இந்தக் கணக்கு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை உண்டு.

தரகருக்கு 1 சதவீதம் என்று வையுங்கள். 41 லட்சத்துக்கு வாங்கினால், பத்திரச் செலவு 3 லட்சத்து 69 ஆயிரம். தரகு 41 ஆயிரம். பழுது பார்க்க ஒன்றரை லட்சம். எல்லாம் சேர்ந்து 46 லட்சத்து 60 ஆயிரம்!

கையில் இருப்பதோ 47 லட்சம். மிச்சம் 40 ஆயிரம். வக்கீல் கட்டணமும், சாமான் ஏற்றும் வண்டிக் கூலியும், பால் காய்ச்சும் செலவும் அதில்தான்.

ஆகவே 41 லட்சம்தான் எல்லைக் கோடு. "41-க்கு மேல் ஒரு பைசா இல்லை" என்று கணவரும் மனைவியும் இரவில் உட்கார்ந்து தாளில் எழுதினார்கள். அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பேசப் போனார்கள்!

கோடு போடாமல் பேசப் போகாதீர்கள். பேச்சு சூடு பிடித்தால், "இன்னும் ஒரு லட்சம்தானே!" என்று தோன்றும். அந்த ஒரு லட்சத்தைத்தான் நாலு வட்டிக்கு வாங்க நேரிடும்.

துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுத் தரகரிடம் துண்டு இல்லை. ஆனால் அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நல்ல தரகர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நடந்து, கோபத்தைத் தணித்து, காரியத்தை முடித்து வைக்கிறார்கள். ஆனாலும் வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குப் பணம். விலை கூடினால் தரகும் கூடும். இதை மறந்துவிடாதீர்கள்.

"உங்களுக்கு எத்தனை சதவீதம்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் எல்லைக் கோட்டை அவரிடம் சொல்லாதீர்கள். கடைசிப் பேச்சைச் சொந்தக்காரரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

பேச்சு தொடங்கியது

"ஐயா, உங்கள் வீடு எங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறோம். மனை விலை விசாரித்தோம். கொத்தனார் கொடுத்த கணக்கும் இதோ இருக்கிறது. 37 லட்சம் தர முடியும்."

"37-ஆ? தம்பி, மனைக்கே அது காணாதே! 47 கொடுங்கள்."

"38½."

"45½."

"39½ வரை வரலாம் ஐயா."

"44."

"40."

"43. அதற்குக் கீழே பேச வேண்டாம் தம்பி!"

கவனித்தீர்களா? முதலில் ஒன்றரை லட்சம் ஏறினார். அடுத்து ஒரு லட்சம். பிறகு அரை லட்சம். படி சிறியதாகிக்கொண்டே வந்தால், "இவர் எல்லைக்கு வந்துவிட்டார்" என்று எதிராளிக்குப் புரியும். ஒரே அடியாக இரண்டு லட்சம் ஏறினால், "இன்னும் ஏறுவார்" என்று உட்கார்ந்திருப்பார்!

பேச்சு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் 40. அந்தப் பக்கம் 43. என்ன செய்வது?

கோபித்துக்கொண்டு எழுந்துவிடவில்லை. "யோசித்துச் சொல்லுங்கள் ஐயா. நாங்களும் யோசிக்கிறோம்" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எழுந்து வரத் தெரிந்தவருக்குத்தான் விலை பேசத் தெரியும். பதறாத காரியம் சிதறாது!

சமையலறையில் கிடைத்த சாவி

சிக்கலை அவிழ்த்தவர் மனைவிதான்.

அடுத்த வாரம் போனபோது, அவர் நேரே சமையலறைக்குப் போய் வீட்டுக்கார அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏன் அக்கா, இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டுப் போறீங்க?"

"பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கான் அம்மா. எங்களையும் அங்கேயே வரச் சொல்றான். ஆனா, பொண்ணு இங்கே பன்னிரண்டாவது படிக்கிறா. மார்ச்சில் பரீட்சை. வர்றவங்க எல்லாம் ஒரே மாசத்தில் காலி பண்ணச் சொல்றாங்க. நடுவில் எங்கே போய் வாடகைக்கு உட்கார்றது? அதுதான் எனக்குக் கவலை."

அப்போது நவம்பர் மாதம். நம் குடும்பத்தாருக்கோ அவசரமே இல்லை. அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் மே மாதம்தான் முடிகிறது!

கணவர் கூடத்துக்குப் போய்ப் பேசினார். "ஐயா, இப்போது ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம். முன்பணம் தருகிறோம். பாப்பா பரீட்சை எழுதி முடிக்கட்டும். ஏப்ரல் கடைசியில் பத்திரம் பதிவு செய்வோம். அன்றைக்குச் சாவி கொடுங்கள். போதும்."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணாலேயே 'சரி' என்றார்.

"41½ கொடுங்கள் தம்பி."

"41 ஐயா. அதற்கு மேல் சத்தியமாக என்னிடம் இல்லை."

"சரி, 41!"

"நீர் மோட்டாரும் மின்விசிறிகளும்?"

"அதை எல்லாம் கழற்றிக்கொண்டு போய் நான் என்ன செய்யப் போகிறேன்? உங்களுக்கே விட்டுவிடுகிறேன்."

கொசுறும் கிடைத்துவிட்டது!

பணத்தால் தீராததைக் கால அவகாசம் தீர்த்தது. எதிராளிக்கு எது தேவை என்று தெரிந்துகொண்டால், சில சமயம் நமக்குச் செலவில்லாமலே அதைக் கொடுக்க முடியும். அவரும் அதற்கு ஈடாக ஒன்றை விட்டுக்கொடுப்பார். பேரம் என்றால் இதுதான்.

தங்கச்சி எங்கே?

விலை முடிந்துவிட்டது. உடனே பணத்தை நீட்டிவிடலாமா? கூடாது! முன்பணம் கொடுக்குமுன் காகிதம் பேச வேண்டும்.

அசல் பத்திரம் கையில் இருக்கிறதா, வங்கியில் அடமானமா? தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்று வரை சங்கிலி அறுந்திருக்கிறதா? 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் என்ன சொல்கிறது? பட்டா யார் பெயரில்? கட்டட அனுமதி உண்டா? வீட்டு வரி பாக்கி உண்டா? இவற்றை எல்லாம் ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அவர் கேட்கும் கட்டணத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

நம் குடும்பத்தாரின் வக்கீல் ஒன்றைக் கண்டுபிடித்தார். மனை, பெரியவரின் தகப்பனார் வாங்கியது. தகப்பனாரும் தாயாரும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். பெரியவருக்கு ஒரு தங்கை இருக்கிறார்!

"தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள் தம்பி."

"சந்தோஷம் ஐயா. அப்படியானால் அவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டும்."

தகப்பனார் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குச் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-ல் அதற்கான திருத்தம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே, அக்கா தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு கோர்ட்டுப் படி ஏறாதீர்கள்!

இனிக்கும் யோசனை

கடைசி நேரத்தில் தரகர் காதோடு ஒரு யோசனை சொன்னார்.

"பத்திரத்தில் 28 லட்சம் என்று போட்டுக்கலாம். மீதி 13-ஐக் கையில் கொடுத்துடுங்க. பத்திரச் செலவில் ஒரு லட்சத்துக்கு மேலே மிச்சம்!"

கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது விஷம்!

இது சட்டத்துக்கு விரோதம். 2015 ஜூன் முதல், வீடு நிலம் விற்பதற்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம்.

பத்திரத்தில் 28 என்று இருந்தால், வங்கி 30 லட்சம் கடன் கொடுக்குமா? கொடுக்காது. நாளைக்கு ஏதாவது வழக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், 13 லட்சத்துக்கு என்ன சாட்சி? பின்னால் நீங்கள் வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை 28 என்றே எடுத்துக்கொள்வார்கள். வராத லாபத்துக்கும் வரி கட்ட வேண்டி வரும்!

"முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதுவோம்" என்று கணவர் சொல்லிவிட்டார். முன்பணம் 4 லட்சத்தை வங்கி வழியாகவே கொடுத்தார்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து, விற்பவரின் வருமான வரிக் கணக்கில் கட்ட வேண்டும். இதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன?

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், கிரய ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மொத்த விலை எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? எந்தத் தேதிக்குள் பத்திரம்? வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா? விற்பவர் பின்வாங்கினால் என்ன? வரி பாக்கி யார் பொறுப்பு? எல்லாவற்றையும் எழுதுங்கள். மோட்டாரையும் மின்விசிறியையும் கூட எழுதுங்கள்! வாய்ப்பேச்சை ஐந்து மாதம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்?

விற்பவர்களுக்கு

வீட்டை விற்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள்.

விலை சொல்லுமுன் காகிதங்களை ஒழுங்கு செய்யுங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உடன்பிறந்தவர்களிடம் முதலிலேயே பேசி முடியுங்கள். ஒழுகும் குழாயையும் உடைந்த தாழ்ப்பாளையும் சரி செய்யுங்கள். ஆயிரம் ரூபாய் வேலை, பேரத்தில் ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றும்.

பணமுடை இருந்தால் அதை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். ஆனால் குறையை மறைக்காதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால், நீங்கள் சொன்ன பத்து உண்மையும் பொய்யாகிவிடும்.

வானத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். ஆறு மாதம் விலை போகாத வீட்டைப் பார்த்து, "என்ன குறையோ?" என்று ஊர் பேசத் தொடங்கும்.

ஏப்ரல் மாதம்

பரீட்சை முடிந்தது. பெரியவரும் தங்கையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் பதிவாயிற்று.

சாவியைக் கொடுத்த பெரியவர் உடனே போய்விடவில்லை. புது வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார்.

"தம்பி, ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் இந்தக் கல்லுக்குக் கீழே போகுது. இங்கே கடப்பாறை போட்டுடாதீங்க. ஐப்பசி மழையில் இந்த மூலையில் தண்ணீர் சேரும். மழைக்கு முன்னாடி அந்த வாய்க்காலைத் தூர்வாரிடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார்."

20 ஆண்டு அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த சேதி இது. எந்தப் பத்திரத்திலும் இது இல்லை. மட்டம் தட்டி, மனசை நோகடித்து வாங்கியிருந்தால் சொல்லியிருப்பாரா?

கறிவேப்பிலையைக் கேட்டு வாங்கலாம். இந்தக் கொசுறு கேட்டால் கிடைக்காது. நியாயமாக விலை பேசியவர்களுக்குத் தானாகவே கிடைக்கும்!